ஓட்டுக் கம்பெனி ஐடா

ஐடாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் நின்றிருந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் வாசலுக்கு வாசல் நெரிந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி நின்று யாரோ ஒரு பெண்ணின்மேல் கை வைத்திருந்தான் அவன். அவனைச் சட்டைக் காலரோடு பிளாட்பாரத்துக்கு இழுத்து, கையிலிருந்த டிபன் கேரியரால் வாயிலேயே போட்டாள். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. மூடி கழன்று சோறெல்லாம் சிதறிய பிறகும் காலி அடுக்கால் அடித்தாள். அவன் உதடு கிழிந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது.

"விடும்மா, செத்துகித்துப் போய்டப் போறான்" என்றார் ஒரு பெரியவர்.

"சாவட்டும். ஒரு நாள் லீவு போட்டுக்கறேன்" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளும் நானும் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கதையை அங்கேதான் துண்டுதுண்டாகத் தெரிந்துகொண்டேன். அப்பா மோசஸ், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபோது அவளுக்குப் பதினாறு வயது. வேலை போன மனுஷர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார், குடித்தால் அடித்தார். ஒருநாள் அவர் விட்ட அறையில் அவளுடைய இடது காது போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. இருபது வயதில் மாரிகுப்பத்து ஆட்டோக்காரன் உதய்க்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனும் அடித்தான். மூன்று வருஷம் வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பெல்ட்டை உருவியபோது, மூலையில் கிடந்த பிக்காஸ் பிடியை எடுத்து அவன் முழங்கைக்குக் கீழே இறக்கினாள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. பிறகு அவனுடைய ஆட்டோவிலேயே அவனை உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "நான்தான் ஒட்ச்சேன். கட்டு போடுங்க" என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். ஆட்டோ சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு நடந்தே அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

பெங்களூரில் ஒரு கோடவுனில் சுமை தூக்கப் போனாள். அங்கேதான், முன்னால் நீட்டிய இரண்டு இரும்பு முள்ளால் சுமையைத் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். தங்கம் பிரித்தபின் சுரங்கம் கொட்டிய வெள்ளைச் சயனைட் மண்மேட்டுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி திறந்தபோது, தினமும் ரயிலில் நசுங்க வேண்டாம் என்று இங்கே வந்துவிட்டாள்.

ஊரில் அதை ஓட்டுக் கம்பெனி என்றார்கள். கடலுக்கு அடியில் கரண்ட் கேபிளும் இண்டர்நெட் கேபிளும் போகின்றன இல்லையா, அவை கரையை நெருங்குகிற இடத்தில்தான் ஆபத்து. பாறை உரசும், நங்கூரம் விழும், மீன்பிடி வலை கொக்கி போட்டு இழுக்கும். அங்கே கேபிளுக்கு மேலே இரும்புக் கவசம் மாட்டுவார்கள். குழாயை நெடுக்கில் பிளந்த மாதிரி அரை ஓடு. இரண்டு அரை ஓட்டை எதிரெதிராக வைத்து போல்ட் முடுக்கினால் ஒரு கணு. ஒரு கணுவின் குமிழ் அடுத்த கணுவின் குழியில் போய் உட்காரும். நூறு கணுவைக் கோத்தால் முதுகெலும்பு மாதிரி வளைந்து கொடுக்கும், ஆனால் உள்ளே இருப்பதை நசுங்கவிடாது. அந்த ஓடுகளைத்தான் நாங்கள் வார்த்தோம். பழைய இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, ஆறவைத்து, தேய்த்து, லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவோம்.

எனக்குச் சோதனை ஷெட்டில் வேலை. ஓட்டுக்குள் ஒரு துண்டு கேபிளை வைத்து மூடி, இருநூறு கிலோ இரும்புக் குண்டை உயரே தூக்கி அதன்மேல் போடுவோம். ஓடு விரிந்தாலோ உள்ளே கேபிள் நசுங்கினாலோ அந்த வார்ப்பு முழுக்கக் கழிவு. குண்டு விழும்போது தரை அதிரும். எல்லோரும் பழகிவிட்டோம்.

மேனேஜர் மஞ்சுநாத் எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவர். ஹெல்மெட் போடாதவன் தலையில் போல்ட்டை விட்டெறிவார். தூங்கிய ஒரு கூலியை ரப்பர் குழாயால் முதுகு தடிக்க அடித்ததை நானே பார்த்தேன். ஐடா சேர்ந்த முதல் வாரம், இடது பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறார், அவள் திரும்பவில்லை. கையிலிருந்த பிரம்பால் அவள் ஹெல்மெட்டில் ஓங்கித் தட்டினார். ஐடா வண்டியை நிறுத்தி, இறங்கி, அந்தப் பிரம்பைப் பிடுங்கி, முட்டியில் வைத்து இரண்டாக ஒடித்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். அவர் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவள் ஒரு ஷிப்டில் ஏற்றுகிற சுமையை இரண்டு ஆம்பிளைகள் ஏற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இரும்பு திருடு போகிறது என்று ஷிப்ட் நேரம் முழுக்க கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தார். சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். கேட்டில் நின்ற வாட்ச்மேன் ராஜப்பாவிடம்கூட ஒரு சாவி கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஸ்கிராப் கொட்டி வைத்த ஷெட்டின் தகரம் காற்றில் பிய்த்துக்கொண்டு போய், குவியல் முழுக்க நனைந்தது. ஆறாம் நாள், வியாழக்கிழமை, ஓடுகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் வரும்போது இரும்பு உருக்குகிற ஃபர்னஸ் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது மஞ்சுநாத்தின் உத்தரவு.

ஃபர்னஸ் ஆள் ஹரோல்ட். ஐம்பத்திரண்டு வயது. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்று காலை அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "ஈரம் கீது ஸார். உருகின இரும்புல தண்ணி போனா வெடிக்கும். ரெண்டு நாள் காயணும்" என்றார்.

"ஹாக்கு" என்றார் மஞ்சுநாத் கன்னடத்தில். போடு என்றால் போட வேண்டும், அவ்வளவுதான்.

"வேணாம் ஸார்."

"நீ போடலன்னா வேற ஆள் போடுவான். நீ வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி தைக்கிற துணிக்குப் பட்டன் கட்டு."

ஐடா ஸ்கிராப் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் காத்திருந்தாள். தொட்டியை மேடையிலுள்ள சரிவுத் தகட்டில் அவள் கவிழ்க்க வேண்டும். அங்கிருந்து ஹரோல்ட் நீளத் தடியால் கொஞ்சம்கொஞ்சமாக ஃபர்னஸுக்குள் தள்ளுவார். அவர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"மேல கீறது காஞ்சிதாண்ணா கீது. நகருங்க, கொட்டிடறேன்" என்றாள் ஐடா.

எத்தனை பேரிடம் எத்தனை சண்டை போட்டவள். அன்றைக்கு மட்டும் ஏன் போடவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "காலையிலியே தலவலி. அன்னிக்கு ஒரு நாள் யார்கிட்டயும் மல்லு கட்ட வேணாம்னு இருந்தேன்" என்றாள்.

முதல் தொட்டி போனது. சீறியது, நீராவி வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. மஞ்சுநாத், பார்த்தாயா என்பதுபோல ஹரோல்டைப் பார்த்துவிட்டு, விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு என் சோதனை ஷெட்டுக்கு வந்தார். இரண்டாவது தொட்டியை ஐடா கவிழ்த்தாள். அதில் பழைய லாரி ஒன்றின் ஷாக் அப்சார்பர் கிடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அடைத்த குழாய், துருக் கீறல் வழியாக உள்ளே இறங்கிய மழைத் தண்ணீர். ஐடா வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள், ஹரோல்ட் தள்ளினார்.

சத்தம் கேட்டபோது எங்கள் ஷெட்டின் கூரைத் தகரம் முழுக்க ஒருமுறை எகிறி உட்கார்ந்தது. தூசி மழையாகக் கொட்டியது. விருந்தாளிகளில் ஒருவர் குனிந்து தலையைக் கையால் மூடிக்கொண்டார். மஞ்சுநாத் சிரித்தார். "பயப்படாதீங்க, அடுத்த ஷெட்ல குண்டு சோதனை நடக்குது" என்று இங்கிலீஷில் சொன்னார்.

எங்களிடம் இருந்தது ஒரே குண்டு. அது என் காலடியில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், ஃபர்னஸ் பக்கம் ஓடினேன்.

மேடை முழுக்க இரும்பு தெறித்துச் சிவப்பாகக் கிடந்தது. தகரச் சுவரில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தது. ஹரோல்ட் படிக்கட்டில் தலைகீழாகக் கிடந்தார். முகத்து மறைப்பு வலது பாதி முகத்தைக் காப்பாற்றியிருந்தது. இடது பாதியைப் பார்க்க முடியவில்லை. மேலங்கி எரிந்துகொண்டிருந்தது. ஒரு பூட்ஸுக்குள் உருகிய இரும்பு இறங்கியிருந்தது. பூட்ஸ் புகைந்தது, அதற்குள் கால் இருந்தது. அவர் கத்திய கத்தல் மனுஷக் குரலாக இல்லை. மணல் சலிக்கிற கங்கம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஐடா வெறும் கையுறையோடு அந்த பூட்ஸைப் பிடித்து உருவினாள். உருவும்போது தோலும் சேர்ந்து வந்தது. ஹரோல்ட் ஒரு கணம் கத்துவதை நிறுத்தி, "வேற யாருக்காச்சும் பட்டுச்சா?" என்று கேட்டார். பிறகு மறுபடி கத்தினார்.

நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட எடுத்தேன். மஞ்சுநாத் உள்ளே ஓடி வந்து கதவை இழுத்துச் சாத்தினார். என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"ஆம்புலன்ஸ் வேணாம். சைரன் கேட்டா பார்ட்டி பயந்துடும். அரை மணி நேரம். அவங்க கிளம்பட்டும், என் கார்லயே அனுப்பறேன்."

"அரை மணி நேரமா?" என்றாள் ஐடா.

"நீ வாயை மூடு. ஈர ஸ்கிராப்பைக் கொட்டினதே நீதான்" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

அவள் அடித்தாள். முதல் குத்தில் அவர் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் மணல் குவியலில் விழுந்தார். அவர் வாயில் மணலும் ரத்தமும் கலந்து வழிந்தது. அவள் அதை நின்று பார்க்கவில்லை. மரப் பலகைத் தட்டு ஒன்றில் நனைந்த சாக்குகளை விரித்தாள். நாங்கள் மூன்று பேர் ஹரோல்டைத் தூக்கி அதில் கிடத்தினோம். "பாரி, நீ ஏறி அவரப் புடிச்சிக்கோ" என்றாள். நான் ஏறிக்கொண்டேன். ஃபோர்க்லிப்டின் இரண்டு முள்ளும் பலகைக்கு அடியில் நுழைந்து எங்களை ஒரு முழம் தூக்கின.

முன்பக்கம் ஆள் இருக்கும்போது முன்பக்கமாகப் போய் மோத முடியாது. ஐடா வண்டியை ரிவர்ஸில் எடுத்தாள். அந்த வண்டிக்குப் பின்னால்தான் சுமையைச் சமன் செய்ய மூன்று டன் இரும்புப் பாளம் வைத்திருக்கிறார்கள். முற்றத்தின் குறுக்கே, சேற்றைக் கிழித்துக்கொண்டு, பின்பக்கமாகவே கேட்டை நோக்கி விட்டாள். எனக்கு கேட் தெரியவில்லை. என் முகம் ஃபர்னஸ் ஷெட்டைப் பார்த்திருந்தது. என் இரண்டு கையும் ஹரோல்டின் அக்குளில் இருந்தன.

முதல் மோதலில் சங்கிலி தாங்கியது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதி நாக்கு வெட்டுப்பட்டது. ஐடா பத்தடி முன்னால் வந்து மறுபடி விட்டாள். இந்தமுறை இடது கதவின் கீல்கள் பிய்ந்தன. கதவு வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. யாரோ அலறினார்கள். ஹரோல்ட்தான் என்று நினைத்தேன். வண்டி விழுந்த கதவின் ஒரு ஓரத்தில் ஏறி இறங்கி ரோட்டுக்கு வந்தது. நான் ஹரோல்டின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மெயின் ரோட்டில் தக்காளிக் கூடைகள் ஏற்றிய லாரி வந்தது. ஐடா வண்டியை அதன் குறுக்கே நிறுத்தினாள். டிரைவர் கெட்ட வார்த்தையோடு இறங்கினான்; ஹரோல்டைப் பார்த்ததும் வாயை மூடி, தானே பின்கதவைத் திறந்துவிட்டான். அவள் எங்களைப் பலகையோடு உயர்த்தித் தக்காளிக் கூடைகளின் மேல் வைத்தாள். லாரி ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. கூடைகள் நசுங்கி, ஹரோல்டின் கீழே வழிந்த சிவப்பில் எது அவருடையது, எது தக்காளி என்று தெரியவில்லை.

அப்புறம் நடந்ததைக் கங்கம்மாதான் சொன்னாள். ஐடா ஓடிப்போயிருக்கலாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு கம்பெனிக்கே வந்திருக்கிறாள். விழுந்த கதவை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அதன் அடியில் வாட்ச்மேன் ராஜப்பா கிடந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் கதவில் நசுங்கியிருந்தது.

கேட்டை உடைத்தவள் வந்துவிட்டாள் என்று உள்ளே இருந்த இரண்டு செக்யூரிட்டிகளும் இரும்புக் குழாயோடு பாய்ந்தார்கள். ஐடா திருப்பி அடிக்கவில்லை. வண்டியின் முள்ளைக் கதவுக்கு அடியில் மெதுவாக நுழைத்தாள். முதுகில் குழாய் விழுந்தது. லீவரை இழுத்தாள். தோளில் விழுந்தது. கதவு ஒரு சாண் எழும்பியது. "அவர இழுங்கடா, நாய்ங்களா! அப்பறமா அடிங்க!" என்று கத்தினாள். கங்கம்மா ராஜப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்த பிறகுதான் கதவை இறக்கினாள். அதற்குள் அவள் மண்டை பிளந்திருந்தது. போலீஸ் ஜீப் வந்தபோது அவள் வண்டியின் சீட்டிலேயே சாய்ந்து கிடந்தாள்.

கொலை முயற்சி என்று வழக்குப் போட்டார்கள். உத்தரவை மீறி ஈர ஸ்கிராப்பைக் கொட்டியதும் அவள்தான், மேனேஜரைத் தாக்கியதும் அவள்தான், வாட்ச்மேன்மேல் கேட்டைத் தள்ளியதும் அவள்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. ஹரோல்ட் பெங்களூர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் ஒன்பது நாள் இருந்து இறந்துபோனார். ராஜப்பாவின் இடுப்பெலும்பு மூன்று துண்டு.

கம்பெனி எழுதிய காகிதத்தில் சாட்சியாக என் பெயரும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் வேலை போகும் என்றார்கள், போட்டேன். கங்கம்மா மறுத்தாள், அன்றைக்கே வெளியே அனுப்பப்பட்டாள்.

நாற்பது நாள் கழித்து ஐடாவுக்கு ஜாமீன் கிடைத்தது. ஜெயிலிலிருந்து வந்தவள் நேராக ஹரோல்டின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஜெயசீலி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றபடியே ஐடா சொன்னாள்: "அக்கா, அந்தத் தொட்டியக் கொட்டினது நான்தான். அண்ணன் வேணாம்னு தலையாட்னாரு. நான் கேக்கல."

ஜெயசீலி எழுந்தாள். துணி அளக்கிற மரக்கோலை எடுத்தாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிறகு தோளில், கையில், மண்டையில் தையல் போட்டிருந்த இடத்தில். கோல் உடையும்வரை அடித்தாள், உடைந்ததும் கையால் அடித்தாள். ஐடா கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது இருவருமே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய போ" என்றாள் ஜெயசீலி.

ஒரு வாரம் கழித்து அவளே ஐடாவைத் தேடி வந்தாள். "கோர்ட்ல இன்னா சொல்லப் போறே?"

"நடந்தத."

"நீ கொட்டினதையுமா?"

"அதையும்தான்க்கா. அத விட்டுட்டு மீதிய சொன்னா யாரு நம்புவாங்க?"

ஜெயசீலி முந்தானையை இழுத்துச் செருகினாள். "என் தம்பிக்குத் தெரிஞ்ச வக்கீல் கீறாரு. நாளைக்கு வா" என்றாள். மன்னித்தேன் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

வக்கீலைப் பார்த்த விஷயம் கம்பெனிக்கு எட்டியது. ஒரு மத்தியானம் ஐடா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். எல்லாத் தப்பும் தன்னுடையதே என்று எழுதியிருந்த காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் கை இருக்காது என்றார்கள். அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி முதல் ஆளின் மார்பில் எறிந்தாள். இரண்டாவது ஆள் அவள் வலது கையைக் குழாய்த் திட்டில் வைத்து அழுத்திக் கம்பியால் அடித்தான். மூன்று விரல்கள் உடைந்தன. அவன் குனிந்திருந்தான், அவன் காது அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கடித்தாள். விடவில்லை. தண்ணீருக்கு நின்ற பெண்கள் பாத்திரங்களோடு பாய்ந்து அவர்களை மொத்திய பிறகுதான் விட்டாள். காதின் கீழ்ப்பாதி தரையில் கிடந்தது. அன்று சாயங்காலமே, காதில் தையல் போட வந்த ஆளை ஒரு கிளினிக்கில் போலீஸ் பிடித்தது. அவன் மேனேஜரின் டிரைவருக்கு மச்சான்.

அந்த வாரம்தான் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில், டீக்கடை வாசலில், என்னை அவள் பார்த்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் அறைந்தாள். டீ கிளாஸ் பறந்துபோய் ரோட்டில் உடைந்தது.

"அவர மடியில போட்டுகினு வந்தவன் நீ. உன் சொக்காயில அவர் தோல் ஒட்டிகினு இருந்துச்சி. உனக்கு எப்பிடிடா கை வந்துச்சி?"

கடைக்காரர் குறுக்கே வந்தார். நான் அவரை நகரச் சொன்னேன். அவள் இன்னொரு அறை அறைவாள் என்று நின்றேன். காறித் துப்பிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயசீலியின் வக்கீல் போராடி, ஹரோல்டின் சாவுக்காக மஞ்சுநாத்மேலும் வழக்குப் போட வைத்தார். இரண்டு வழக்கும் சேர்ந்து விசாரணைக்கு வர இரண்டு வருஷமாயிற்று. கம்பெனித் தரப்பு பெரிதாக நம்பியிருந்த சாட்சி ராஜப்பாதான். அவரைவிட ஐடாமேல் கோபம் கொள்ள யாருக்கு உரிமை? இந்த இரண்டு வருஷத்தில் ஐடா அவர் வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறாள். முதல் முறை சோற்றுத் தட்டை எறிந்தார். இரண்டாவது முறை ஊன்றுகோலை எறிந்தார். மூன்றாவது முறை கதவையே திறக்கவிடவில்லை.

நாலுகால் கம்பி ஸ்டாண்டைத் தூக்கித் தூக்கி வைத்து அவர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற ஐந்து நிமிஷம் ஆயிற்று. நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்கார மறுத்தார்.

"உங்க இடுப்ப உடைச்சது யாரு?" என்று கேட்டார் கம்பெனித் தரப்பு வக்கீல்.

"தோ, அந்தப் பொம்பள."

"வேணும்னே செய்தாங்களா?"

"அது அவளுக்குத்தான் தெரியும். நான் இடது பக்கத்துல நின்னுகினு இருந்தேன். நில்லு நில்லுன்னு கத்தினேன். அவ காதுல விழல."

"நீங்க ஏன் கேட்டுக்குப் பக்கத்துல போனீங்க? தடுக்கத்தானே?"

ராஜப்பா அந்த வக்கீலை நிமிர்ந்து பார்த்தார். "தடுக்கவா? உள்ள ஒரு ஆளு எரிஞ்சிகினு கத்தறான். தொறக்கச் சொல்லி மேனேஜருக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். 'கேட் தெகீபேட'ன்னாரு. தொறக்காதேன்னாரு. சாவி அவர் இடுப்புல. நான் கடப்பாரைய எடுத்துகினு கதவோட கீல நெம்பப் போனேன். நானும் ஒடைக்கத்தான் போனேன். அதுக்குள்ள இவ வந்துட்டா." மூச்சு வாங்கினார். "என் இடுப்ப ஒடச்சது இவ. சாவிய வெச்சிருந்தது அவரு. ரெண்டும் நெசம். எதுனா ஒண்ண மட்டும் சொல்லச் சொன்னீங்கன்னா நான் எறங்கிடறேன்."

அடுத்த சாட்சி நான். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி, இது உங்களுடையதா என்றார்கள். என்னுடையதுதான், ஆனால் பொய் என்றேன். விருந்தாளிகளிடம் மேனேஜர் சொன்ன குண்டு சோதனைக் கதையையும், என் காலடியில் கிடந்த ஒற்றைக் குண்டையும், பிடுங்கிய போனையும் சொன்னேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார். பயம் என்றேன். ராஜப்பா சொல்லியிருக்காவிட்டால் அன்றும் சொல்லியிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐடா தன் முறை வந்தபோது தொட்டியைக் கவிழ்த்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவளுடைய வக்கீல் இரண்டு முறை இருமினார். அவள் நிறுத்தவில்லை.

மஞ்சுநாத்துக்கு இரண்டு வருஷச் சிறை. அப்பீலுக்குப் போயிருக்கிறார், வெளியில்தான் இருக்கிறார். ஐடாமேல் இருந்த கொலை முயற்சி வழக்கு நிற்கவில்லை. ராஜப்பாவுக்குக் கொடுங்காயம் விளைவித்ததற்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். அப்பீல் போகலாம், நிச்சயம் குறைப்பார்கள் என்று ஜெயசீலியின் வக்கீல் எவ்வளவோ சொன்னார். "அவர் நடக்கறதப் பாத்தீங்க இல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போலீஸ் வண்டியில் ஏறினாள். ஏற்கெனவே ஜெயிலில் இருந்த நாற்பது நாள் போக, மீதியை முழுசாகக் கழித்தாள்.

ஓட்டுக் கம்பெனி வேறு பெயரில் மறுபடி ஓடுகிறது. நான் அங்கே இல்லை. பெங்களூர் ரயிலில் நசுங்கிக்கொண்டு போய் வருகிறேன். ஐடாவின் உடைந்த விரல்கள் முழுசாக மடங்குவதில்லை, அதனால் லீவர் பிடிக்கிற வேலைக்கு அவளை யாரும் எடுக்கவில்லை. பங்காருபேட்டை ரோட்டில் ஒரு ஸ்கிராப் யார்டில் வேலை பார்க்கிறாள். உருக்கி வார்க்கிற ஃபவுண்டரிகளுக்குப் போகிற இரும்பைப் பிரித்து, அடைத்த குழாய், ஷாக் அப்சார்பர், மூடிய டப்பா எல்லாவற்றையும் தனியே எடுத்து டிரில்லால் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடியவிடுகிறாள். லோடு லேட்டாகிறது என்று கத்திய ஒரு லாரிக்காரனைப் போன மாதம் அதே டிரில்லோடு துரத்தியிருக்கிறாள். முதலாளி நடுவில் விழுந்து காப்பாற்றியிருக்கிறார்.

போன சனிக்கிழமை ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். ராஜப்பா கம்பி ஸ்டாண்டோடு பஸ் படிக்கட்டின் முன்னால் நின்றிருந்தார். படி உயரம், கால் எழும்பவில்லை. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ ஐடா வந்தாள். பின்னாலிருந்து அவர் இடுப்பை வளைத்துப் பிடித்து, ஒரு மூட்டையைப் போலத் தூக்கிப் படியில் ஏற்றினாள். அவர் அவள் தோளில் குத்தினார், அம்மா அப்பாவை இழுத்துத் திட்டினார், என் இடுப்பைத் தொடாதேடி என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"கத்துங்க, கத்துங்க. மொதல்ல கம்பியப் புடிங்க" என்றாள் ஐடா. ஸ்டாண்டை மடக்கி உள்ளே தள்ளினாள். பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னல் வழியாகவும் திட்டிக்கொண்டே போனார்.